சந்தைக்கு மறுநாள்

அக்கா இங்கிலீஷில் மட்டும் தவறிப்போனாள். மற்ற பாடங்களில் தேறியிருந்தாள். ஜவ்வாது மலையில் எங்கள் ஊரிலிருந்து திருப்பத்தூர் ஆஸ்டலில் தங்கிப் பத்தாவது வரை படித்த ஒரே பெண் அவள்தான். புரட்டாசியில் அந்த ஒரு பாடத்தை மறுபடி எழுதலாம் என்றார்கள். அப்பா ஒப்புக்கொண்டபோதே கெடுவும் வைத்துவிட்டார்.

"பாசானா டீச்சர் ட்ரெய்னிங் போ. ஆவலன்னா மாமன் வூட்டுக்குப் போ. அதுக்கு மேல என்னால ஆவாது."

மாமா அம்மாவின் தம்பி. கெட்டவர் இல்லை. அக்காவுக்கு அவரைக் கட்டிக்கொள்ள விருப்பமில்லை, அவ்வளவுதான். அவள் விருப்பத்தை யாரும் கேட்கவும் இல்லை.

அது சாமைக் கதிர் முற்றும் காலம். கிளி விரட்ட எங்கள் இருவரையும் காட்டுப் பரணில் விட்டிருந்தார்கள். சோறும் தூக்கமும் அங்கேயேதான். அக்கா தகர டப்பாவைத் தட்டிக்கொண்டே படித்தாள். போன தடவை அவளைக் கவிழ்த்தது, காலத்தைச் சொல்லும்போது கூட வரும் குட்டிச் சொற்கள். மணிக்கு 'அட்', கிழமைக்கு 'ஆன்', மாதத்துக்கு 'இன்'. அதோடு விட்டானா வெள்ளைக்காரன்? காலைக்கும் மாலைக்கும் 'இன்' போட்டவன், ராத்திரிக்கு மட்டும் 'அட்' போட்டான். அதே காலை, திங்கட்கிழமை காலை என்றானால் 'ஆன்' வந்து உட்கார்ந்துகொள்ளும். நான் தமிழில் கேட்க, அவள் இங்கிலீஷில் சொல்வாள்.

"ராத்திரிக்கு மட்டும் ஏன்க்கா அப்டி?"

"இன்னா கண்டேன்? எழுதினா மார்க்கு போடறாங்க."

கடைசியில் ஒன்றுகூடப் பிசகாமல் சொன்னாள். நானே வாத்தியார் என்பதுபோல் எனக்குத் தலைகால் புரியவில்லை.

பரீட்சை திங்கட்கிழமை. ஞாயிறு எங்கள் மலையில் சந்தை. அதனால் வீட்டில் எல்லோரும் 'சந்தைக்கு மறுநாள் பரீட்சை' என்றே சொல்லிவந்தோம், அக்காவும்தான். பரணில் காலண்டர் ஏது? கீழே பாதையில் கோழியும் மூட்டையுமாக ஆட்கள் போனால் அது சந்தை நாள். ஒருநாள் காலையில் அப்படிப் போனார்கள். அக்கா புத்தகத்தை மூடிவிட்டுக் கீழே குதித்தாள். மத்தியானம் அப்பா வந்து எங்களைக் கூட்டிப்போனார். சந்தைக்கு வந்திருந்த ஜீப்பிலேயே கீழே இறங்கினோம்.

மறுநாள் காலை பரீட்சை நடக்கும் பள்ளிக்கூட வாசலில் வாட்ச்மேன் ஹால் டிக்கெட்டை வாங்கிப் பார்த்தார்.

"இங்கிலீஷ் நேத்தே முடிஞ்சிபோச்சிம்மா. இன்னிக்கி கணக்கு."

"இன்னிக்கி திங்கக்கெழமதானே?" என்றாள் அக்கா.

"செவ்வாக்கெழமம்மா."

அக்கா அப்பாவைப் பார்த்தாள். மலைக்குப் பெரியவரான நாட்டார் வீட்டில் சாவு. பிணம் எடுக்கும்வரை சந்தை கூடாது என்பது எங்கள் கட்டு. அதனால் ஒருநாள் தள்ளித்தான் சந்தை கூடியது. அது அப்பாவுக்குத் தெரியும். தெரிந்தும் அவருக்கு அதில் தப்பாக எதுவும் படவில்லை.

"சந்தையே தள்ளிப்போச்சிங்க. அதுக்கு மறுநாளுதானே பரிச்சை? அது மட்டும் எப்டிங்க முன்னாடியே நடக்கும்?"

வாட்ச்மேன் சிரிக்கவில்லை. மலையில் சந்தை நகர்ந்தால் பஞ்சாயத்து நகரும், பெண் பார்ப்பது நகரும். பரீட்சையும் நகரும் என்று அப்பா நம்பியதில் என்ன குற்றம்? அப்பா உள்ளே போய் ஒவ்வொரு சாரிடமும் கைகூப்பிவிட்டு வெறுங்கையோடு வந்தார். படித்ததெல்லாம் பாழாய்ப்போனது. அன்று அவள் அழுதிருந்தால்கூடத் தேவலை என்று இன்றைக்கும் தோன்றுகிறது.

"மார்ச்சில எழுதறேம்பா" என்றாள்.

அப்பா ஜீப்பைத் தேடிப் போனார்.

திரும்பும் வழியில்தான் மாமாவின் ஊர். அங்கேயே இறங்கச் சொன்னார் அப்பா. எனக்கோ கொண்டாட்டம். முதல் ஆளாகக் குதித்து, "மாமா! அக்கா வந்துக்குது!" என்று கத்திக்கொண்டே ஓடினேன். திரும்பிப் பார்த்தால் அக்கா இன்னும் இறங்கவே இல்லை. ஜீப்புக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். கால் மரத்துப்போய்விட்டது போலிருக்கிறது என்று நினைத்து, ஓடிப்போய் அவள் கையைப் பிடித்து இறக்கினேன்.