தகரத்தில் நெய்த துணி

நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயத்துக் கூரைக்கென்று புதுத் தகரம் வந்து இறங்கிய அன்றே பெரிய துரை என்னைப் பங்களாவுக்குக் கூப்பிட்டனுப்பினார். இலங்கை மலைநாட்டில், நோர்வூட்டுக்கு மேலே ஒரு தோட்டத்தில், கொழுந்து அரைக்கும் தேயிலை ஸ்டோரில் நான் அப்போது ஃபிட்டர். என் மனைவி மாரியாயிக்கு ஒன்பதாம் மாதம். எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் மழைக்கு ஒழுகாத இடம் அடுப்படி ஒன்றுதான். பிள்ளை பிறப்பதற்குள் கூரையை மாற்றிவிடலாம் என்று சந்தோஷமாகப் போனேன்.

துரைசானி ஒரு துணியை விரித்துக் காட்டினார். முன்பு ஆப்பிரிக்காவில், கோல்ட் கோஸ்டில் இருந்தவர். கெந்தே என்று பேர் சொன்னார். நாலு விரல் அகலப் பட்டைகளாக நெய்து, ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்த துணி. மஞ்சளும் பச்சையும் சிவப்புமாகக் கட்டம் கட்டமாக இருந்தது. பொய் சொல்லக்கூடாது, நெய்தவன் மகா கெட்டிக்காரன்.

"இந்த மாதிரி தகரம் வெட்டுறது, பின்னுறது. பெரட்டுக் களத்தில நிப்பாட்டுறது. மாடர்ன் சிலை" என்றார் துரை.

"எந்தத் தகரங்க தொரை?"

"புதுசு. பழசுல துரு இருக்கு."

துரு எங்களுக்கு, புதுசு சிலைக்கு. தகரத்தை ஸ்டோருக்குச் சுமந்து போனேன். நெளிவைத் தட்டிச் சமமாக்கி, வெட்டி, பின்னி, பெயின்ட் அடித்தேன். ரிவெட் அடிக்க வேண்டிய இடத்திலெல்லாம் போல்ட் போட்டேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

காலையில் நாங்கள் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் சிலை இரண்டு ஆள் உயரத்துக்கு நின்றது. பக்கத்துத் தோட்டத்துத் துரைமார் கிளாஸும் கையுமாகச் சுற்றி வந்தார்கள். அதில் ஆப்பிரிக்காவின் தாளம் கேட்கிறது என்றார் ஒருவர். கேட்டது உண்மைதான். ஒரு போல்ட் லூசாகிக் காற்றில் தடதடத்துக்கொண்டிருந்தது.

மழை பிடித்துக்கொண்டது. மாரியாயி தலையில் கம்பளியைப் போட்டுக்கொண்டு களத்துக்கு வந்து, துரைசானியிடம் நேராகவே கேட்டாள்.

"அந்த ஊருல இந்தத் துணிய என்னம்மா செய்வாங்க?"

"போர்த்துறது. கல்யாணம், பிள்ளைக்குப் பேர் வைக்கிறது, அந்த மாதிரி பெரிய நாளைக்கு."

"எங்களுக்கும் பெரிய நாள் வருதுங்க. இது மட்டும் ஏன் யாரையும் போத்தாம சும்மா நின்னு நனையுது?"

துரைசானி அவள் வயிற்றைப் பார்த்தார். பிறகு துரையைப் பார்த்தார். துரை வானத்தைப் பார்த்தார்.

துரைசானி கழற்றச் சொல்ல, அன்று மத்தியானமே போல்ட்டுகளைக் கழற்றினேன்; சிலை எங்கள் கூரைக்கு ஏறியது. இடுக்குகளில் தார் பூசினேன். வெட்டுப்பட்ட தகரம் இரண்டு காம்பராவுக்குத்தான் போதுமானதாக இருந்தது. மற்றவர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு எங்களிடம் வந்துவிட்டார்கள். அந்தக் கூட்டத்துக்கு நடுவே, ஒரு சொட்டு நனையாமல், என் மகள் பிறந்தாள்.

துரைமார் லயத்துக்கே வந்து அண்ணாந்து பார்த்தார்கள். தாளம் கேட்டவர், இப்போதுதான் இதில் அர்த்தம் இருக்கிறது என்றார். அதை மட்டும் நானும் ஒத்துக்கொண்டேன்.

ஸ்டோர் வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளே, எவ்வளவு பெரிய கலைப்பொருளைச் செய்யச் சொன்னாலும் செய்யுங்கள். ஆனால் கழற்றுகிற மாதிரி போல்ட் போடுங்கள்.