கூட்டிப் பாதியாக்கிய பிரஷர்

மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்காதவன் என்று என்னைச் சொல்வார்கள். பொய். ஒதுங்கியிருக்கிறேன், அங்கேயும் ஒழுகியது, திரும்பி வந்துவிட்டேன். எனக்குத் தெரிந்தது ஒரே கணக்கு, பலாப்பழத்தைப் பாதி பாதியாகப் பிரிக்கிற கணக்கு. அதைத்தான் அறுபத்தெட்டு வயதில் என் பிரஷரிலும் போட்டேன்.

நாகலூர்ப் பக்கம் எஸ்டேட்டில் மிளகு பறிக்கிறவன் நான். சில்வர் ஓக் மரத்தில் ஒற்றை மூங்கில் ஏணியைச் சாத்தி உச்சிவரை ஏறுவேன். என் மனைவியின் தம்பி கீழே ஏணியைப் பிடித்துக்கொள்வான். மேலே போனதும் எனக்கு வாய் நீண்டுவிடும். நான்கு மரம் தள்ளிப் பறிக்கிற பெண்கள்வரை சிரிப்பார்கள். அந்த உயரம் இல்லாவிட்டால் என் பேச்சை எங்கள் வீட்டு நாய்கூடக் கேட்காது.

இந்தத் தை மாதம் எஸ்டேட்டில் கணக்கெழுதுகிற ரைட்டர் ஒரு குண்டைப் போட்டார். வயதானவர்கள் டாக்டர் சரி என்று சொன்னால்தான் ஏணி ஏறலாமாம்.

ஏற்காட்டில் டாக்டரம்மா கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்தார். மேல் நம்பர் 172, கீழ் நம்பர் 58. தினம் ஒரு மாத்திரை, உப்பைக் குறையுங்கள், ஒரு வாரம் கழித்து ஏணியைப் பற்றிப் பேசலாம் என்று அனுப்பினார்.

பஸ்ஸில் மனைவி பயந்துபோய் உட்கார்ந்திருந்தாள்.

"ஏனுங்க, மேல நொம்ப அதிகமாமுங்க."

"கீழ கம்மி, அதப் பாத்தியா? ரெண்டையும் கூட்டிப் பாதியாக்கு. நூத்திப் பதினஞ்சு! கண்ணாலத்தன்னிக்குக்கூட நான் இம்புட்டு நல்லா இருந்ததில்ல."

"அன்னிக்கு உங்களச் சரியாப் பாக்காம உட்டதுதான் நான் பண்ணுன தப்புங்க."

கூட்டலைப் பக்கத்து சீட்டுக்காரர்தான் போட்டுக் கொடுத்தார். பாதியாக்கியது மட்டும் நான்.

வீட்டில் உப்பில்லாத சோறு. கீழ் நம்பர் பாவம் என்ன பண்ணும்? அதைத் தூக்கிவிட, உப்பில் ஊறிக் காய்ந்த நார்த்தங்காயைச் சட்டைப் பையில் ஒளித்துவைத்து மென்றேன். மறுபடி டாக்டரிடம் போகிற அன்று காலையில், மேல் நம்பர் அடங்கட்டும் என்று இரண்டு மாத்திரையாக விழுங்கினேன்.

என்னைக் கூப்பிட்டதும் பெஞ்சிலிருந்து துள்ளி எழுந்தேன். சுவர் சாய்ந்தது. சாய்ந்தது நான்தான் என்று பிறகு சொன்னார்கள். பையிலிருந்த நார்த்தங்காய் உருண்டு, டாக்டரம்மா காலடியில் போய் நின்றது.

"ஐயா, இது என்னங்க?"

"கீழ் நம்பருக்குங்கம்மா."

மனைவி பார்த்த பார்வையை அளக்க ஒரு மிஷின் இருந்தால் அன்றைக்கு உடைந்திருக்கும்.

டாக்டரம்மா என்னைப் படுக்கவைத்தும் நிற்கவைத்தும் அளந்தார். நின்றதும் இரண்டு நம்பரும் சறுக்கின. "இதயம் தள்ளறப்ப இருக்கறது மேல் நம்பர். தள்ளிட்டு ஓய்வெடுக்கறப்ப இருக்கறது கீழ் நம்பர். வயசானா ரத்தக்குழாய் வெறச்சுப் போகுங்க, அதான் ஒண்ணு ஏறி ஒண்ணு எறங்குது," என்றார்.

எனக்குச் சட்டென்று பிடிபட்டது. "காப்பிச் செடிக்கு மருந்தடிக்கிற கைப்பம்பு மாதிரிங்களாம்மா? புது ஹோஸ் ஒவ்வொரு தள்ளுக்கும் உப்பி வாங்கிக்கிட்டு மெதுவா விடும். பழசு வெறச்சுப் போயிருக்கும். தள்ளுனா ஒதைக்கும், நிறுத்துனா மருந்து சட்டுன்னு நின்னுபோகும்."

"அதேதாங்க! உங்களப் படிக்காதவர்னு யார் சொன்னது?"

"படிச்சவங்க எல்லாருந்தானுங்க."

அவர் சிரித்தார், ஆனால் விடவில்லை. "மேல இருக்கறத அவசரமா எறக்குனா, கீழ இருக்கறதும் கூடவே எறங்கிடும். அதான் மாத்திரைய மெதுவாத்தான் கூட்டுவோம். நீங்களா ரெண்டு போட்டீங்களே, இப்ப விழுந்தது ஏணி மேல இருந்துன்னா?"

மனைவி என் சட்டைக் கையைப் பிடித்திருந்தாள்.

"இந்த வருசம் ஏணி வேண்டாங்க. எந்திரிக்கறதுன்னாகூட, உக்காந்து பத்து எண்ணிட்டு எந்திரிங்க," என்றார் டாக்டரம்மா.

முதல் நாள் பறிப்பு. மச்சினன் ஏறினான், நான் ஏணியைப் பிடித்தேன். அவன் இறங்கி அடுத்த மரத்துக்கு ஏணியை மாற்றும்வரை வேரில் உட்கார்ந்தேன். அவன் சாத்திவிட்டுக் காத்திருந்தான்.

"மச்சான், எண்ணி முடிச்சாச்சுங்களா?"

"ஏழு, மாப்ளே."

"அப்பப் புடிச்சு ஏழுலயே இருக்கறீங்களே!"

நான்கு மரம் தள்ளி இருந்த பெண்களெல்லாம் சிரித்தார்கள். முதல்முறையாக அவன் பேச்சுக்கு. நாற்பது வருஷம் என் பேச்சைக் கீழே நின்று கேட்டவன், போகட்டும்.

"எட்டு," என்றேன், இன்னும் மெதுவாக.