நிம்ம என்றால் எது?

1. மூக்குப் பரீட்சை

திருப்பதியில் ஹேர் ஆயிலும் பாடி ஆயிலும் தயாரிக்கும் ஒரு சின்ன யூனிட்டில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், ஓனர் என் பி.எஸ்சி. சர்டிபிகேட்டைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. தைலத்தில் தோய்த்த காகிதப் பட்டைகளை ஒவ்வொன்றாக நீட்டினார். வெட்டிவேர், மரிக்கொழுந்து, சந்தனம் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். பாதியில் எல்லாம் ஒரே வாசனையாகிவிட்டது. நான் விழிப்பதைப் பார்த்துச் சிரித்தார்.

"மூக்கு அலுத்துப்போச்சும்மா கிரேஸூ. அலுத்த மூக்கு பொய் சொல்லும். வெளிய போயி உன் புடவத் தலைப்ப மோந்துட்டு வா."

முகர்ந்துவிட்டு வந்தேன். மறுபடியும் சந்தனம் சந்தனமாக இருந்தது. வேலை கிடைத்தது.

சித்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வந்தேன். மாலையில் ஏறும்போது உடம்பெல்லாம் அன்றைய பேட்ச் மணக்கும். கண்டக்டர் தலையைத் திருப்பாமலே கண்டுபிடிப்பார். "மேடம் ஏறிட்டாங்க. நேத்து மல்லி, இன்னிக்கி சந்தனம்." யூகலிப்டஸ் கலந்த நாளில் மட்டும், "யாருக்கு மேடம் ஜலதோஷம்?" என்பார். பஸ் முழுக்கச் சிரிக்கும். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் மனசு லேசாகிறது.

2. வீட்டு மேசை

யூனிட் மூடியபின் வீட்டிலேயே கலக்க ஆரம்பித்தேன். பின்னறையில் ஒரு மேசை, ஒரு கிராம் தராசு, பீக்கர்கள், ட்ராப்பர்கள். எசென்ஷியல் ஆயிலை அப்படியே தோலில் தடவக்கூடாது. நல்லெண்ணெயோ ஜோஜோபா எண்ணெயோ பேஸாக வைத்து அதில் துளித்துளியாக விடவேண்டும். பச்சோலியும் வெட்டிவேரும் அடியில் நின்று மணக்கும். ஜெரேனியம் நடுவில். எலுமிச்சம்புல் கடைசியாக, மிகக் கொஞ்சம். அது ஒரு துளி கூடினாலும் மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடும். சரியாக அமைந்தால் பெரிய ஓட்டல் அறைக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். எங்கள் சர்ச் பெண்கள் முதலில் வாங்கினார்கள். பிறகு பலமனேர், பங்காருபாளையம் என்று பரவியது.

பாட்டிலில் ஊற்றுமுன் புதுக் கலவையை நம் கையில் தடவிப் பார்ப்பது வீட்டு வழக்கம். என் மகள் ஜெபா காலேஜுக்குப் போகும் வயதிலேயே இதையெல்லாம் கற்றுக்கொண்டாள். என்னைவிட அவளுக்குக் கை நிதானம்.

3. போனில் சொன்னது

போன மே மாதம், பங்காருபாளையத்தில் மாந்தோப்பு வைத்திருக்கும் சுகுணா, மகள் லாவண்யாவின் கல்யாணத்துக்கு பாடி ஆயில் கேட்டிருந்தாள். நான் பலமனேரில் தங்கை வீட்டில் இருந்தேன். ஜெபா போன் செய்தாள்.

"மா, எல்லாம் கலந்துட்டேன். மேல இன்னா விடணும்?"

"நிம்ம விடு. வாசனை வர வரைக்கும் பாத்து விடு."

தெலுங்கில் எலுமிச்சைக்கு நிம்ம என்று பெயர். எலுமிச்சம்புல்லுக்கு நிம்மகட்டி. எங்கள் யூனிட்டில் எலுமிச்சைத் தைலம் வாங்கியதே இல்லை. அதனால் புல் தைலத்தையே சுருக்கி நிம்ம என்போம். எனக்கு அதே வாய்ப்பழக்கம். ஆனால் எங்கள் மேசையில் ஷாம்பூவுக்கென்று எலுமிச்சைத் தோலைப் பிழிந்தெடுத்த தைலமும் இருந்தது. ஷாம்பூவைக் கழுவிவிடுகிறோம், அதில் பாதகமில்லை. தோலிலேயே தங்கும் எண்ணெயில் அது அளவு மீறி, மேலே வெயிலும் பட்டால், தீக்காயம்போல் கொப்பளிக்கும். ஜெபா அதைத்தான் எடுத்திருக்கிறாள். புல் தைலம் அளவுக்கு அது தூக்கலாக மணக்காது. வாசனை வரவில்லையே என்று விட்டிருக்கிறாள், மேலும் விட்டிருக்கிறாள்.

வழக்கப்படி தன் இரண்டு கைகளிலும் தடவிப் பார்த்துவிட்டு, உச்சி வெயிலில் ஸ்கூட்டியில் போய்ப் பாட்டில்களைக் கொடுத்துவிட்டு வந்தாள்.

4. பலகை

நான் ஊர் திரும்பிய மறுநாள் ஞாயிறு. ஆராதனைக்குக் கிளம்பும்போது ஜெபா முழுக்கை சுடிதாரில் நின்றாள்.

"இந்த வெயில்ல எதுக்குடி ஃபுல் ஹேண்டு?"

"சும்மாதான்மா."

கையைப் பிடித்தேன். "ஸ்" என்றாள். சுடிதார்க் கையை மடித்துப் பார்த்தால் முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை சிவந்து, கொப்புளம். ஸ்கூட்டியின் கைப்பிடியைப் பற்றியிருந்தபோது மேலே தெரிந்த பக்கம் மட்டும். மீதியிருந்த பாட்டிலைத் திறந்து முகர்ந்தேன். புல் வாசனை இல்லை, எலுமிச்சைத் தோல் வாசனை. அன்று காலைதான் லாவண்யாவுக்கு நலுங்கு.

சுகுணா போனை எடுக்கவில்லை. சர்ச்சுக்குப் போகாமல் ஸ்கூட்டியில் பங்காருபாளையத்துக்குக் கிளம்பினோம். ஜெபா கைகளைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு பின்னால் உட்கார்ந்தாள். வழியெல்லாம் நான் ஜெபித்தது என் மகளுக்காகவா, அந்த மகளுக்காகவா என்று தெரியவில்லை.

போட்டோகிராபர் வெளிச்சம் வேண்டுமென்று நலுங்குப் பலகையைப் பந்தலுக்கு வெளியே போட்டிருந்தார். லாவண்யா அப்போதுதான் உட்கார்ந்திருந்தாள். எண்ணெய் தடவிய கைகள் வெயிலில் மினுமினுத்தன.

"சுகுணா, பொண்ண எழுப்பு. அந்த எண்ணெ தப்பா போச்சு. சோப்பு போட்டுக் கழுவணும், வெயில்ல இருக்கக்கூடாது."

சுகுணா என்னையே பார்த்தாள். "ஏங்கா, உன் கையால வர்ற எண்ணெதானே எப்பவும்? இப்ப வந்து இப்பிடி சொல்றியே?"

லாவண்யாவின் அத்தை மஞ்சள் கிண்ணத்தோடு முன்னால் வந்தாள். "பலகைல குந்தினவள நடுவுல எழுப்புவாங்களா? இன்னா பேச்சும்மா இது? அந்த எண்ணெல அப்படி இன்னா இருக்குது?"

"எலுமிச்சைத் தைலம். வெயில் பட்டா தோலு வெந்துரும்."

"எலுமிச்சம்பழமா? தலைக்கே தேச்சிக் குளிக்கிறோம், எந்தத் தோலு வெந்துச்சு? பாஷ்யம் சொல்ல வந்துட்டாங்க." சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். சாறு வேறு, தோல் தைலம் வேறு என்று நான் சொன்னது அந்தச் சிரிப்பில் கேட்கவில்லை. அழுகை வந்தது.

என் பின்னால் நின்ற ஜெபா முன்னால் வந்தாள். துப்பட்டாவை எடுத்துவிட்டு சுடிதாரின் இரண்டு கைகளையும் மேலே ஏற்றினாள். கல்யாண வீடு முழுக்கப் பார்க்க, கைகளை நீட்டிக்கொண்டு நின்றாள்.

"அதே எண்ணெதான் அத்தே. நான்தான் கலந்தேன். தடவிக்கினு வெயில்ல வண்டி ஓட்டினேன்."

போட்டோகிராபர் கேமராவை இறக்கிவிட்டார். லாவண்யா தானாகவே பலகையிலிருந்து எழுந்தாள். எழுந்ததும் அத்தைதான் முதலில் அசைந்தாள். தன் புடவைத் தலைப்பை விரித்து லாவண்யாவின் கைகள்மேல் போர்த்தினாள்.

"நின்னுக்கினு வேடிக்க பாக்குறீங்களே, சோப்பு எங்கடி? வெயில் படாம உள்ள கூட்டினு போங்க." போகிற போக்கில் ஜெபாவைத் திரும்பிப் பார்த்து, "நீயும் நெழலுக்கு வாடி, லூசு" என்றாள்.

நலுங்கு கூடத்துக்குள் நடந்தது. லாவண்யாவின் கைகளில் லேசான சிவப்போடு போயிற்று. மீதி பாட்டில்களை வாங்கிக்கொண்டு வந்தோம்.

5. கற்றது

ஜெபாவின் கைகளில் கொப்புளம் ஆறிப் பழுப்பு நிறத் தழும்பு நிற்கிறது. மாதங்கள் ஆகும், மறைந்துவிடும் என்கிறார் தோல் டாக்டர்.

வீட்டில் கலக்க நினைக்கும் இளையவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஒரு தொழிலகத்தின் சுருக்குப்பெயர் அந்தச் சுவருக்குள்ளேதான் செல்லும். வீட்டுக்கு வந்தால் செடியின் பெயர், எந்தப் பாகம், எப்படி எடுத்தது என்று முழுதாகச் சொல்லுங்கள். வாசனை வரவில்லை என்றால் கூட்டாதீர்கள். பாட்டிலைத் திரும்பப் பாருங்கள்.

போன வாரம் ஜெபா மறுபடியும் மேசைக்கு வந்தாள். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்து அடக்கிக்கொண்டேன். அவள் தோளுக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு துளியையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் ட்ராப்பரைக் கீழே வைத்தாள்.

"மா, நீ விடுற மூச்சுல தராசு ஆடுது. செத்த வெளிய போ."

போனேன்.