வலது கண்ணில் வந்த வண்டி

இது கட்டுக்கதை இல்லை. பேய்க் கதை என்றாலே நடுராத்திரி, நாய் ஊளை, தானாக ஆடும் கதவு என்று எதிர்பார்க்கிறவர்கள் இப்போதே எழுந்து போகலாம். இது பட்டப்பகலில், ஜனங்கள் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து வாழைப்பழம் தின்றுகொண்டிருக்கும்போது என் மச்சானுக்கு நடந்தது. பாதியை நானே கண்ணால் பார்த்தேன். மோந்தும் பார்த்தேன். அந்த நாற்றத்தை நினைத்தால் இப்போதும் வாயில் எச்சில் ஊறி நிற்கிறது. விழுங்க முடியவில்லை.

மச்சான் என்றால் என் அக்கா வீட்டுக்காரர். பஸ் டிரைவர். வாரம் முழுக்க பஸ்ஸோடு மாரடிக்கிறவர் லீவு நாளில் காலை நீட்டிப் படுக்க வேண்டியதுதானே? மாட்டார். கேமராவைத் தூக்கிக்கொண்டு ரயிலைப் படம் எடுக்கக் கிளம்பிவிடுவார். எந்த எஞ்சின், என்ன நம்பர், எந்த வருஷம் புது பெயிண்ட் அடித்தார்கள் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். கல்யாண நாளைக் கேட்டால் திருதிருவென்று முழிப்பார். "எனக்கு சக்களத்தி ஒருத்தி இல்ல, இருபத்திநாலு பெட்டியோட வர்றா" என்பாள் அக்கா.

ரயில் நிலையத்தில் படம் எடுப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. போனில் எடுத்தால் ஒருவரும் ஏனென்று கேட்க மாட்டார்கள். கொஞ்சம் பெரிய கேமராவைக் கழுத்தில் மாட்டினால் போதும், குண்டு வைக்க வந்தவனைப் பார்ப்பது போலப் பார்ப்பார்கள். மச்சான் நாயாய் அலைந்து ஓர் அனுமதிச் சீட்டு வாங்கி வைத்திருந்தார். அதிலும் ஆயிரத்தெட்டு நிபந்தனை. ஸ்டாண்டு கூடாது. பிளாஷ் கூடாது. சிக்னல் அறை படத்தில் விழக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, பிளாட்பாரம் முடிந்து தரை சரிவாக இறங்கும் இடத்தில் ஒரு மஞ்சள் கோடு உண்டு. அதைத் தாண்டவே கூடாது.

தாண்டினால்தான் வளைவு தெரியும். வண்டி வளைந்து வரும்போது எஞ்சினிலிருந்து கடைசிப் பெட்டிவரை ஒரே படத்தில் அடங்கும். ரயில் படம் எடுக்கிறவர்களுக்கு அதுதான் மோட்சம். நாய் வாலை நிமிர்த்த முடியுமா? ஒரு நாள் மச்சான் தாண்டினார். ஸ்டேஷன் காவலர் கையும் களவுமாகப் பிடித்துவிட்டார்.

"படிச்சுட்டுத்தானே கையெழுத்து போட்டீங்க?"

"ரெண்டே அடிதான் சார்..."

"ரெண்டு அடிதான். இங்க அதுவே ஜாஸ்தி."

கேமரா காவலர் அறை அலமாரிக்குப் போனது. ஒரு வாரம் கழித்து, வாங்க வேண்டிய திட்டையெல்லாம் வாங்கிக்கொண்டு, கேமராவையும் திருப்பி வாங்கி வந்தார்.

கண்ணை வைத்துப் பார்க்கும் துளையைச் சுற்றிக் கேமராவில் ஒரு கறுப்பு ரப்பர் வளையம் இருக்கும். வெளிச்சம் உள்ளே போகாமல் கண்ணோடு ஒட்டி உட்கார்வதற்காக. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மச்சான் முதல் படம் எடுக்க வலது கண்ணை அதில் வைத்தார். ஈரம். வியர்வை என்று நினைத்துச் சட்டை நுனியால் துடைத்தார். நுனியில் மஞ்சளாக ஏதோ ஒட்டி நூலாய் நீண்டது. அதற்குள் ஒரு இமை முடி கிடந்தது.

வெள்ளை முடி. மச்சானுக்கு இமை முடியெல்லாம் கருகருவென்று இருக்கும்.

வீட்டுக்கு வந்து ஸ்பிரிட் போட்டுத் துடைத்தார். வெயிலில் காயவைத்தார். பைக்குள் வைத்து மூடினார். மறுநாள் காலையில் என்னைக் கூப்பிட்டு, "தொட்டுப் பாரு மாப்பிள்ளை" என்றார். நான் ஒரு முட்டாள், தொட்டேன். ஈரமாக இருந்தது. அதுகூடப் பரவாயில்லை. வெதுவெதுப்பாக இருந்தது, இப்போதுதான் யாரோ கண்ணை எடுத்த மாதிரி. விரலை மோந்து பார்த்தேன். எலி செத்த இடத்தில் மருந்து தெளித்தால் ஒரு நாற்றம் வருமே, அது. மூன்று தடவை சோப்புப் போட்டுக் கை கழுவினேன். அன்றைக்குக் கையால் பிசைந்து சாப்பிட முடியவில்லை.

அந்த வாரமே மச்சானின் வலது கண் சீழ் பிடித்தது. காலையில் இமை ஒட்டிக்கொண்டு திறக்காது. வெந்நீர்த் துணியால் ஒத்தி ஒத்திப் பிரிக்க வேண்டும். பிரியும்போது 'ப்ச்'சென்று ஒரு சத்தம் வரும். அக்கா அவருக்குத் தனித் துண்டு, தனித் தலையணை போட்டாள்.

"ஏங்க, அந்தக் கண்ண வெச்சுக்கிட்டு என் எதிர்ல சாப்பிட உக்காராதீங்க. குமட்டுது."

அவள் அப்படிச் சொல்கிறவள் இல்லை. பயம்தான் அப்படிப் பேச வைத்தது. டிரைவர்களுக்கு வருஷா வருஷம் கண் பரிசோதனை உண்டு. அடுத்த மாதம் மச்சானுக்கு முறை. தோற்றால் அப்புறம் ஸ்டியரிங்கைத் தொட முடியாது. மச்சானுக்கு அந்தச் சக்கரத்தைத் தவிர வேறு தொழில் தெரியாது. இரண்டு பெண்களும் படித்துக்கொண்டிருந்தார்கள்.

அப்படியும் விட்டாரா? சொட்டு மருந்து போட்டுக்கொண்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் கிளம்பினார். துணைக்கு அக்கா என்னை அனுப்பினாள். "கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டு பாத்துக்கோடா" என்று சொல்லித்தான் அனுப்பினாள்.

காலை பதினொன்று பத்துக்கு ஒரு வண்டி அங்கே நிற்காமல் போகும். நாங்கள் கோட்டுக்கு இந்தப் பக்கம்தான் நின்றோம். சத்தியமாக. அவர் கேமராவில் கண் வைத்தார். நான் பையை வைத்துக்கொண்டு பின்னால் நின்றேன்.

தூரத்தில் ஹார்ன்...

"வந்துடுச்சா மச்சான்?"

"இல்ல. புள்ளி மாதிரி தெரியுது. இன்னும் தூரம்."

அவர் மெதுவாக முன்னால் நடந்தார். கண்ணை எடுக்காமலேயே. கோட்டைத் தாண்டினார். சரிவில் இறங்கினார்.

"மச்சான், கோடு!"

"தூரம்தான்டா... இன்னும் தூரம்தான்..."

தண்டவாளம் கிணுகிணுத்தது. வளைவைக் கடந்து வந்த எஞ்சின் முகம் முழுசாகத் தெரிந்தது. எனக்குத் தெரிந்தது. அவர் மாட்டியிருந்தது நீள லென்ஸ். தூரத்தில் இருப்பதைக் கிட்டே காட்டும். கிட்டே இருப்பதைத் தூரத்தில் காட்டவே காட்டாது.

ஹார்ன் அலறியது. பையைப் போட்டுவிட்டு ஓடினேன். சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தேன். இரண்டு பேரும் ஜல்லியில் விழுந்தோம். தடதடவென்று பெட்டி பெட்டியாகக் காதுக்குப் பக்கத்தில் போனது.

விழுந்தும் கேமரா அவர் முகத்தைவிட்டு வரவில்லை.

நான் பிடுங்கினேன். ரப்பரோடு சேர்ந்து இமைத் தோலும் இழுபட்டது. 'ப்ளக்'. வந்தது. என் கையெல்லாம் மஞ்சள். அங்கேயே வாந்தி எடுத்தேன்.

கேமராவைத் துணியில் சுற்றிப் பரணில் போட்டோம். இரண்டே நாளில் கண் ஆறிவிட்டது. அக்கா நிம்மதியாக மூச்சு விட்டாள். மச்சான் மட்டும் சரியாகச் சாப்பிடவில்லை. ஒரு நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"கண்ண மூடினா, வலது பக்கம் மட்டும் ஒரு வெளிச்சம் தெரியுதுடா."

"என்ன வெளிச்சம்?"

"வண்டி வெளிச்சம். நேத்து சின்னதா இருந்துச்சு."

பரிசோதனைக்கு நானும் கூடப் போனேன். கண் டாக்டர் விளக்கடித்துப் பார்த்தார். எழுத்துகளைப் படிக்கச் சொன்னார். மச்சான் கடைசி வரிவரை தப்பில்லாமல் படித்தார். "கண்ணு ரெண்டும் கண்ணாடி மாதிரி இருக்கு, போய் வண்டி ஓட்டுங்க" என்று சொல்லி டாக்டர் எழுதிக் கொடுத்தார். அக்கா சந்தோஷத்தில் அழுதாள். மச்சானும் அழுதார். அது வேறு அழுகை என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

திங்கட்கிழமை முதல் ட்ரிப். பஸ் நிறையப் பள்ளிக்கூடப் பிள்ளைகள்.

காலி ரோட்டில் மச்சான் பிரேக்கை மிதித்தார். முழுசாக. ஒரு பெண் பிள்ளைக்கு முன்பல் உடைந்து வாயெல்லாம் ரத்தம். கண்டக்டர் கத்தினார். ஜனம் அடிக்க வந்தது.

முன்னால் ஒன்றுமே இல்லை.

ஆனால் அவர் பார்த்திருக்கிறார். கண் திறந்தே இருந்தது. வலது கண்ணில், பஸ்ஸின் முன்கண்ணாடியை அடைத்துக்கொண்டு, எஞ்சின்...

அவரே சாவியைக் கழற்றி டிப்போ மேசையில் வைத்துவிட்டார். டாக்டர் எழுதிக் கொடுத்ததெல்லாம் எடுபடவில்லை. "என்னால முடியாது சார்" என்று மட்டும் சொன்னார். இருபது வருஷ டிரைவர். இன்றைக்கு அதே டிப்போவில் பஸ் கழுவுகிறார்.

சாவியைக் கொடுத்த மறுநாள் நாங்கள் இருவரும் ஸ்டேஷன் காவலரிடம் போனோம். எனக்கு ஆத்திரம். அந்த அலமாரியில் கேமராவை என்ன செய்தார்கள் என்று தெரிந்தாக வேண்டும். காவலர் டீ குடித்துக்கொண்டிருந்தார். முதலில் மழுப்பினார். மச்சானின் முகத்தைப் பார்த்ததும் இறங்கி வந்தார்.

"உங்க கேமராவ எடுக்கும்போது அந்த ரப்பர் கழண்டு எங்கயோ உருண்டுடுச்சு சார். தேடிப் பாத்தேன், கிடைக்கல. நீங்க சண்டைக்கு வருவீங்களேன்னு... அலமாரில அதே கம்பெனி ரப்பர் ஒண்ணு கிடந்துச்சு. மாட்டி விட்டேன்."

"யாரோடது?"

"போன வருஷம் ஒரு பெரியவர். உங்கள மாதிரியே ரயில் பைத்தியம். அகலமா காட்டுற லென்ஸு. அதுல கிட்ட வர்ற வண்டிகூட தூரத்துல வர்ற மாதிரிதான் தெரியுமாமே? இப்ப கோடு இருக்கிற இடத்தத் தாண்டி நின்னவரு, கடைசி வரைக்கும் நகரவே இல்ல. அந்தக் கோடே அதுக்கப்புறம் போட்டதுதான்."

மச்சான் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு நின்றார். எனக்குத்தான் வாய் சும்மா இருக்கவில்லை.

"வண்டி மோதினா கேமரா தூள் தூளா போயிருக்குமே. ரப்பர் மட்டும் எப்படி முழுசா கிடைச்சுது?"

காவலர் டீயைக் கீழே வைத்தார். அதற்குமேல் குடிக்கவில்லை.

"கேமராவுல கிடைக்கலங்க... கண்ணுல ஒட்டிக்கிட்டிருந்துச்சு. பிய்ச்சுத்தான் எடுத்தோம்."