முந்தானைக்கு அடியில் பதிந்த கச்சேரிகள்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துபோனது. நாலு பேர் முன்னால் பேசவும் கூச்சம். எழுதினால் என் முகம் யாருக்கும் தெரியாது என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன். முன்னது பின்னதாக வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், மறதி கூடிவிட்டது. ஆனால் அந்தப் பெட்டியை மறக்கவில்லை. கறுப்பு டேப் ரிக்கார்டர். பழுப்புத் தோல் உறை, தோளில் மாட்ட ஒரு வார், பல்வரிசை மாதிரி பொத்தான்கள், அதில் ஒன்று மட்டும் சிவப்பு. அது மதினியின் மடியில் உட்கார்ந்திருக்கும். அதன்மேல் அவருடைய சுங்குடிச் சேலையின் முந்தானை கிடக்கும். மேடையில் என் தம்பியின் கோஷ்டி அடிக்கிற அடியில் தரை அதிரும். பெட்டி முந்தானைக்குள் கமுக்கமாகச் சுற்றிக்கொண்டிருக்கும்.

மதினி என்றால் என் அண்ணன் மனைவி. அவர் எங்கள் வீட்டுக்கு வந்தபோது எங்களுக்கு அம்மா இல்லை. தம்பி சின்னப்பிள்ளை. அவனுக்குத் தலைவாரிப் பள்ளிக்கூடம் அனுப்பியது, அம்மை போட்டபோது வேப்பிலையோடு பக்கத்தில் படுத்தது எல்லாம் மதினிதான். வாய் மட்டும் கொஞ்சமும் சும்மா இருக்காது. யாரையும் புகழ்ந்து நான் கேட்டதில்லை. ஆக்கின குழம்பு நன்றாக இருந்தால், "உப்பு ஒறைக்குதா?" என்று சந்தேகமாகக் கேட்பார், அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்த பெருமை.

தம்பி கல்லூரிக்குப் போன காலத்தில் கூட்டாளிகள் நாலு பேர் சேர்ந்து ராக் கோஷ்டி ஒன்று ஆரம்பித்தார்கள். இங்கிலீஷில் ஏதோ ஒரு பெயர். என் வாயில் நுழையாது. மதினி அதற்குத் தகரடப்பா கோஷ்டி என்று பெயர் வைத்தார். எங்கள் வீட்டில் அதுவே நிலைத்துவிட்டது. திண்டுக்கல்லில் அப்போது கல்யாணம் என்றால் மெல்லிசைக் கச்சேரி வைப்பார்கள். இந்த முடி வளர்த்த பையன்களை யார் கூப்பிடுவார்கள்? கல்லூரி விழா, கூட்டாளியின் அக்கா கல்யாணம், வர வேண்டிய கோஷ்டி வராமல் போன ஊர்த் திருவிழா, இப்படித்தான் மேடை கிடைத்தது. வாசித்ததில் எங்கே தப்பு என்று கேட்டுப் பார்க்க அவர்களுக்கு டேப் ரிக்கார்டர் வேண்டியிருந்தது. எங்கள் தெருவில் அது மதினியிடம்தான் இருந்தது. சிங்கப்பூரிலிருந்து அவருடைய அண்ணன் கொண்டுவந்து கொடுத்தது. தம்பி கேட்டபோது மதினி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"பொட்டிய ஒங்க கையில குடுக்க முடியாதுலே அப்பு. நான் வாரேன். என் மடியில வச்சு எடுத்துத் தாரேன்."

"நீங்களா? மதினி, அது பசங்க கூட்டம்."

"பொம்பளைக இல்லாத திருவிழா எந்த ஊர்லலே நடக்குது?"

அப்படித்தான் நாங்கள் போக ஆரம்பித்தோம். எனக்கு அப்போது கல்யாணமாகவில்லை. பேட்டரிக் கட்டைகளைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு மதினிக்குத் துணையாகப் போவேன். கொடைரோடு, சின்னாளபட்டி, பழனிப் பக்கம், எங்கே போனாலும் பெண்கள் பக்கத்தில் முன்வரிசைதான். உட்கார்ந்ததும் சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டு, பனி பட்டுப் பெட்டி கெட்டுப்போகுமென்று முந்தானையை இழுத்து மூடிவிடுவார். மேடைச் சத்தம் சேலையைத் தாண்டித்தான் உள்ளே போகும். மதினியின் பேச்சுக்கு அந்தச் சிரமம் கிடையாது. மடிக்கு நேர் மேலே வாய். "அங்க பாரு தாயி, டிரம்ஸ்காரன் மாட்டுக்கு லாடம் அடிக்கிறான்" என்பார். "பாடுறவனுக்கு வயித்துவலியா, இப்பிடி முறுக்குறான்?" என்பார். சுற்றியிருக்கிற பெண்கள் சிரிப்பார்கள். யாராவது நம்மைத் திரும்பிப் பார்க்கிறார்களோ என்று நான் தலையைக் குனிந்தபடி இருப்பேன். பாட்டை நான் எங்கே கேட்டேன்?

மறுநாள் கூட்டாளிகள் எங்கள் வீட்டில் கூடிக் கேசட்டைப் போட்டுக் கேட்பார்கள். பாட்டு கிணற்றுக்குள்ளிருந்து வருவது மாதிரி இருக்கும்.

"சேலைய எடுத்துருங்க மதினி. போர்வைக்குள்ள ஒக்காந்து வாசிச்ச மாதிரி கேக்குது."

"நெசமாவே போர்வைக்குள்ள வாசிங்களேன். ஊரு நிம்மதியாத் தூங்கும்ல."

எல்லாரும் சிரிப்பார்கள், தம்பியும்தான். ஒருநாள் மட்டும் சிரிக்கவில்லை. அவனே சொந்தமாகக் கட்டிய பாட்டு அது. அது முடிந்து கைதட்டல் வருவதற்குள், "இந்த எரைச்சலுக்கு இம்புட்டு தூரம் வேனு வச்சு வரணுமா?" என்று மதினியின் குரல் கேசட்டில் கணீரென்று கேட்டது. கூட்டாளிகள் தொடையில் தட்டிச் சிரித்தார்கள். தம்பி கேசட்டை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்து போனான். அதற்குப் பிறகு அவன் பெட்டியைக் கேட்கவில்லை. கொஞ்ச நாளில் டிரம்ஸ்காரர் துபாய்க்குப் போனார், தம்பிக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்தது. கிட்டார் பரணுக்குப் போனது.

சண்டை ஒன்றும் இல்லை. தீபாவளிக்கு வருவான், மதினி காலில் விழுவான், அவர் போட்டதைச் சாப்பிடுவான். ஆனால் அவர் இறந்த வீட்டில், பந்தலுக்கு வெளியே நின்று என்னிடம் சொன்னான்: "எனக்கு எல்லாம் செஞ்சாங்கக்கா. நான் வாசிச்சது மட்டும் அவுங்க காதுல ஏறவே இல்ல." தலை நரைத்த ஆள், அந்த நேரத்தில் அதையா நினைப்பான் என்று இருந்தது எனக்கு.

போன வருஷம் டிரம்ஸ்காரருடைய மகள் என்னைத் தேடி வந்தாள். சென்னையில் ஒலிப்பதிவு வேலை பார்க்கிற பெண். கேசட்டுகளைத் தம்பியிடம் வாங்கிக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டாளாம். அந்தக் காலத்து மேடைப் பதிவு என்றால் இப்போது தேடிக் கேட்க ஆட்கள் இருக்கிறார்களாம். இணையத்தில் வெளியிடப் போகிறாளாம். "பேச்சை மட்டும் தனியாப் பிரிச்சு எடுத்துர முடியும் அத்தை. உங்க தம்பி, பாட்டு மட்டும் இருந்தாப் போதும்னு சொல்லிட்டாங்க" என்றாள். மதினியின் குரல் உலகத்தில் வேறெங்கும் இல்லை. அதை எடுக்காதே என்று சொல்ல வாய் வரவில்லை. கூச்சம்தான். காப்பி கொடுத்து, அவள் செருப்புப் போடும்போதுதான் கேட்டேன்: "எடுத்த பேச்ச என்னம்மா செய்வ? எனக்குத் தருவியா?"

அனுப்பி வைத்தாள். அடுப்படியில் கைப்பேசியை மிளகாய்த்தூள் டப்பாவில் சாய்த்து வைத்துக் கேட்டேன். பாட்டில்லாத கச்சேரி. வளையல் சத்தம், யாரோ பிள்ளை அழுவது, கடலை உடைக்கிற சத்தம், நடுவில் மதினி. லாடம், வயிற்றுவலி எல்லாம் இருந்தது. நான் ஒற்றை ஆளாகச் சிரித்தேன். அப்புறம் சத்தமே இல்லை. கைப்பேசி நின்றுவிட்டதோ என்று அந்தப் பெண்ணைக் கூப்பிட்டேன்.

"நிக்கல அத்தை, ஓடிட்டுத்தான் இருக்கு. அந்த இடத்துல உங்க தம்பி தனியா கிட்டார் வாசிக்கிறாரு. அங்க யாரும் பேசல."

மறுபடி கேட்டேன். எல்லாக் கேசட்டையும் கேட்டேன். ஒவ்வொன்றிலும் தம்பி தனியாக வாசிக்கிற இடத்துக்கு முன்னால், "செத்த நேரம் சும்மா இருங்கத்தா" என்றோ, "உஷ்" என்றோ மதினியின் குரல். பிறகு வளையல்கூட அசையாத அமைதி. வாசித்து முடிந்ததும் மறுபடி லாடம். பாட்டோடு சேர்த்துக் கேட்டபோது இந்த அமைதி எங்களில் யார் காதிலும் விழுந்ததில்லை. அந்த இடத்தில் கிட்டார்தானே இருந்தது. ஒரு கேசட்டில், அமைதிக்குக் கொஞ்சம் முன்னால், வேறொரு பெண் குரல் கேட்கிறது: "ஏனுங்கக்கா, அந்த ஓரத்துல நிக்கிறது யாருங்க?" மதினி சொல்கிறார்: "எம்பிள்ள. பேசாமக் கேளு."

மதினியின் திவசத்துக்குத் தம்பி வந்தான். சாப்பிட்டு முடித்ததும் அவன் கையில் கைப்பேசியைக் கொடுத்துவிட்டு நான் பாத்திரம் தேய்க்கப் போய்விட்டேன். பக்கத்தில் நிற்க முடியவில்லை. திரும்பி வந்தபோது "எம்பிள்ள" என்கிற இடத்தையே திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தான். கண் துடைத்த மாதிரி தெரிந்தது. நான் பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன். கைப்பேசியைக் கீழே வைக்காமலே, "இது எந்த ஊருக்கா?" என்றான். அன்றைக்கே அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, "பேச்சு எல்லாம் இருக்கட்டும்மா. லாடம்கூட இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டான்.

இப்போது அந்த ஊர்தான் எங்கள் இருவருக்கும் வழக்கு. வெளியிடும்போது ஊர்ப்பெயர் போட வேண்டுமாம். கேசட்டில் சேவுகம்பட்டி என்று ஒட்டியிருக்கிறது, எனக்கும் அதுவே ஞாபகம். தம்பியோ, அந்த அம்மாள் "ஏனுங்க" என்று பேசுகிறாள், பழனிப் பக்கம் பாலசமுத்திரம்தான் என்கிறான். பழனிப் பக்கத்துப் பெண் சேவுகம்பட்டிக்கு வாக்கப்பட்டிருக்கக் கூடாதா? அன்றைக்கு மதினிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் இதைப் படித்தால், அல்லது அந்தக் கச்சேரிக்குப் போன யாராவது இருந்தால், எந்த ஊர் என்று பார்த்துச் சொல்லுங்கள். மற்றதிலும் தப்பிருந்தால் திருத்துங்கள். பெட்டி என்னிடம்தான் இருக்கிறது. இப்போது ஓடாது. இதை எழுதும்போது மடியில் வைத்துத்தான் எழுதினேன். சாயங்காலமானதும் பனி விழுமே என்று, என்னை அறியாமல் முந்தானையை இழுத்து அதன்மேல் போட்டிருக்கிறேன்.