ஆயாம்மாவின் ஈர முந்தானை

ஆயாம்மா என்றதும் எனக்கு நினைவில் வருவது அவருடைய நீல நூல் புடவையின் ஈர முந்தானைதான். தொண்ணூறுகளின் தொடக்கம். திருவண்ணாமலையில் ஒரு சிறிய பிரசவ ஆஸ்பத்திரியில் நான் புது நர்ஸ். வார்டைத் துடைப்பதும் துணி அலசுவதும் அவர் வேலை. ஆனாலும் பிறந்த குழந்தையின் தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையை வைத்துப் பார்க்காமல் நகர மாட்டார். "கை கால் ஜில்லுனு இருந்தா பரவால்லீங்க, முதுவு சூடா இருக்கணும்" என்பார். "அப்போ தெர்மாமீட்டர் எதுக்கு ஆயாம்மா?" என்று கேலி செய்வேன். படித்த திமிர் எனக்குக் கொஞ்சநஞ்சமல்ல.

கார்த்திகை மாதத்தில் ஒரு காலை, எடை குறைந்த பெண் குழந்தை பிறந்தது. பிறந்த அன்று குளிப்பாட்டக் கூடாது என்பது டாக்டரம்மாவின் கண்டிப்பு. குழந்தையின் அப்பா வீட்டார் பார்க்க வருகிறார்களே, பளிச்சென்று இருக்கட்டும் என்று நான் குளிப்பாட்டினேன். குழந்தை நடுங்கவே இல்லை. குளிரவில்லை என்று நினைத்து, ஈர உடம்போடு தொட்டிலில் விட்டுவிட்டுத் துண்டு தேடிப் போனேன். திரும்பி வந்தபோது ஆயாம்மா குழந்தையை நெஞ்சோடு அணைத்து முந்தானையால் மூடியிருந்தார். "முதுவே ஜில்லுனு ஆயிடுச்சு நர்ஸம்மா, டாக்டரம்மாவக் கூப்புடுங்க."

ஓடி வந்த டாக்டரம்மாவின் கண்ணில் முதலில் பட்டது அந்த ஈர முந்தானை. "உன்னை யாரு குளிப்பாட்டச் சொன்னது?"

"நான் இல்லீங்கம்மா" என்று ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டு ஆயாம்மா என்னைப் பார்த்தார். நான் தொட்டிலில் கட்டியிருந்த எடைச் சீட்டைப் பார்த்தேன். குழந்தை பிழைத்துக்கொண்டது. ஆயாம்மாவின் வேலை அன்றே போயிற்று.

பச்சைக் குழந்தைக்கு நடுங்கி உடம்பைச் சூடாக்கிக்கொள்ள வராது என்பதைப் பிறகுதான் சரியாகப் படித்தேன். தோள்பட்டைகளுக்கு நடுவிலும் கழுத்தைச் சுற்றியும் பழுப்புக் கொழுப்பு இருக்கிறது. அதன் செல்கள் கொழுப்பை எரித்துச் சூட்டை உண்டாக்குகின்றன. எடை குறைந்த குழந்தைக்கு அந்தக் கையிருப்பும் கம்மி. சத்தமே இல்லாமல் அந்த உயிர் போராடிக்கொண்டிருந்ததை நான் சுகம் என்று எடுத்துக்கொண்டேன். அடி அண்ணாமலையில் ஆயாம்மாவின் தெருமுனை வரை எத்தனையோ முறை போயிருக்கிறேன். ஒரு தடவைகூட உள்ளே திரும்பவில்லை.

இப்போது நர்சிங் மாணவிகளுக்குப் பாடம் எடுக்கிறேன். போன வாரம் ஒரு குழந்தையின் முதுகில் உள்ளங்கையை வைத்துக் காட்டியபோது ஒருத்தி கேட்டாள்: "இப்படித் தொட்டுப் பாக்க உங்களுக்கு யாரு மேடம் சொல்லிக் குடுத்தாங்க?"

"புக்லயே இருக்குதே" என்றேன்.

சொல்லிவிட்டுக் குனிந்து என் முந்தானையைப் பார்த்தேன். அது காய்ந்துதான் இருந்தது.