நான்காவது பெண்ணுக்கு வைத்த பெயர்

எழுபதுகளின் தொடக்கத்தில் பிராங்பேர்ட்டில் ஒரு மருத்துவமனையின் பிரசவ வார்டில் நர்சாக இருந்தேன். சட்டையில் குத்தியிருந்த அட்டையில் 'சிஸ்டர் பொண்ணு' என்று இருக்கும். அர்த்தம் கேட்கிற ஜெர்மன்காரர்களிடம் 'பெண் என்று அர்த்தம்' என்பேன். பொய்யில்லை. முன்பாதியை வெட்டிவிட்டேன், அவ்வளவுதான். முழுப்பெயர் போதும்பொண்ணு. எங்கள் மதுரைப் பக்கம் வரிசையாகப் பெண்ணாகவே பிறந்தால், 'இதோடு நிறுத்து' என்று கடவுளுக்கு மனுப் போட்டு, அந்த மனுவைப் பிள்ளையின் தலையிலேயே எழுதிவிடுவார்கள்.

அங்கே வந்த ஒரு துருக்கிப் பெண்ணுக்கு அது நான்காவது பிரசவம். நான்காவதும் பெண். குழந்தை நல்ல எடை, நல்ல குரல். தாய் மட்டும் மறுநாள் காலையிலிருந்து அழுதுகொண்டே இருந்தாள். வலியா என்று கேட்டேன். இல்லையாம். அரைகுறை ஜெர்மனில் சொன்னாள்: "என் வீட்டுக்காரர் யெத்தேர்னு பேர் வைக்கப் போறார்."

அவர்கள் மொழியில் அதற்குப் 'போதும்' என்று அர்த்தம். தட்டில் சோறு விழும்போது கையை மறித்துச் சொல்கிற அதே சொல்லை மகளுக்கும் வைப்பார்களாம். அவளுடைய கடைசித் தங்கைக்கு அந்தப் பெயர்தான். பள்ளியில் வாத்தியார் பெயரைக் கூப்பிட்டால் வகுப்பே சிரிக்குமாம். கல்யாணப் பேச்சில்கூடக் கேலியாம். அந்தத் தங்கையைத் தூக்கி வளர்த்தவள் இவள்.

ஜெர்மனிக்கு வந்து யாரிடமும் சொல்லாததை அவளிடம் சொன்னேன். என் முழுப்பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்தப் பேரை இந்த நாட்டு ஆபீஸ்ல ஏத்துக்க மாட்டாங்கன்னு அவர்கிட்ட சொல்லுங்க சிஸ்டர். நீங்க சொன்னா நம்புவார்."

சொல்கிறேன் என்றேன். ஒரே ஒரு பொய். பிறப்புப் படிவத்தை நிரப்புவதும் நான்தான்.

பார்வையாளர் நேரத்தில் கணவன் வந்தான். தொழிற்சாலை வேலை; நகக்கண்ணில் கிரீஸ், கையில் ஆரஞ்சுப் பை. படிவத்தை எடுத்துக்கொண்டு கட்டிலருகே போய், மனப்பாடம் செய்ததைச் சொன்னேன். அவன் சிரித்தான்.

"இவ தங்கச்சிக்கு இந்தப் பேரை வச்ச பிறகுதான் மச்சான் பிறந்தான். உங்களுக்கு இதெல்லாம் எங்கே புரியப்போகுது சிஸ்டர்?"

எனக்குச் சுருக்கென்றது. எனக்கா புரியாது? என் பிள்ளைப் பருவத்தில் எனக்கென்று இருந்த ஒரே பெருமை அது. தம்பிக்கு மொட்டை போட்ட அன்று, அவனைக் கூட்டிவந்த ராசிக்காரி என்று எனக்கும் ஒரு புதுப் பாவாடை எடுத்தார்கள். அக்காமார் மூவருக்கும் கிடையாது. வீட்டில் என்னைப் பற்றி நல்லதாக யாராவது சொன்ன வார்த்தை அந்த 'ராசிக்காரி' ஒன்றுதான்.

"ஏன் புரியாது? எனக்கே அந்தப் பேருதான். எனக்கு அடுத்துத் தம்பி பிறந்தான்" என்றேன்.

வாய் மூடிய பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. அவன் முகம் மலர்ந்துவிட்டது. "பார்த்தியா, இந்தியாவுலயும் பலிச்சிருக்கு!" என்று மனைவியிடம் சொல்லி, இரண்டு ஆரஞ்சை என் கையில் திணித்தான். இல்லை, அப்படி இல்லை என்று ஏதேதோ உளறினேன். அவன் படிவத்தைக் காட்டினான். எழுதினேன். என் கையெழுத்து குண்டுகுண்டாக, அழகாக இருக்கும். தலைமை நர்ஸ் எப்போதும் மெச்சுவாள்.

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். வீட்டுக்குப் போகும்வரை என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. புறப்படும் அன்று குழந்தையைத் துணியில் சுற்றி நீட்டினேன். வாங்கிக்கொண்டு, என் சட்டை அட்டையை ஒரு முறை பார்த்தாள்.

"போதும்பொண்ணு" என்றாள், ஓர் எழுத்துகூடப் பிசகாமல்.

பிறகு குழந்தையின் காதைக் கையால் மூடிக்கொண்டு நடந்தாள்.